வாயில்லா உயிரின் சாட்சி

தனக்கு வலிக்கிறது என்பதை மனிதன் வாய்விட்டுச் சொல்கிறான். எனினும் பிறருடைய வலியை நாம் ஒருபோதும் நேரில் காண்பதில்லை. அவருடைய சொல்லையும் முகத்தையும் கொண்டு அதை அனுமானிக்கவே செய்கிறோம். சொல்லும் ஆற்றல் இல்லாத உயிர்களின் விஷயத்தில் அந்த அனுமானத்திற்கு இடமுண்டா? ஆடும் பசுவும் குரங்கும் நம்மைப் போல் வலியை உணர்கின்றனவா? உணர்கின்றன என்றால் அவற்றிடம் நமக்குள்ள கடமை யாது? தத்துவ நூல்களில் ஆராயப்படும் இந்தக் கேள்விகளை ஒருவர் தமது உணவுத் தட்டிலும், நோய்ப்படுக்கையிலும், ஆசிரமத் தொழுவத்திலும் வைத்துச் சோதித்துப் பார்த்தார். அவர் மகாத்மா காந்தி.

காந்திஜியின் அரசியல் வாழ்வு நாம் நன்கு அறிந்தது. வாயில்லா ஜீவன்களின் வலி அவரது வாழ்வில் பலமுறை குறுக்கிட்டு அவரது அஹிம்சையைப் பரீட்சித்தது என்பதை அத்தனை நினைப்பதில்லை. அந்தப் பரீட்சைகளில் அவர் வென்றதும் உண்டு, தாமே ஒப்புக்கொண்டபடி தளர்ந்ததும் உண்டு.

வயிற்றுக்குள் கத்திய ஆடு

காந்திஜி 1869 அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். ஆசாரம் மிக்க வைணவக் குடும்பம் அது. சமணத் துறவியரும் அந்த இல்லத்திற்கு வந்து பிக்ஷை ஏற்பதுண்டு. புலால் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ராஜ்கோட்டில் பள்ளியில் பயின்றபோது நண்பன் ஒருவன் அவரது மனத்தைக் கலைத்தான். ஆங்கிலேயர் புலால் உண்பதால்தான் வலிமை பெற்று நம்மை ஆள்கின்றனர் என்பது அவனது வாதம். நாட்டின் விடுதலைக்கு அதுவும் ஒரு வழியோ என்று மயங்கிய சிறுவன், ஆற்றங்கரையில் மறைவான ஓரிடத்தில் ஆட்டிறைச்சியைச் சுவைத்தான். அது தோல்போலக் கடினமாயிருந்தது, குமட்டியது. அன்றிரவு உறக்கமில்லை. கண் அயரும்போதெல்லாம் உயிருள்ள ஆடு ஒன்று தன் வயிற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் தோன்றித் திடுக்கிட்டு எழுந்தான்.

அந்த இரவே அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை அவர் புலால் உண்டார். பின்னர் அதை விட்டதற்குக் காரணமும் ஆட்டின் வேதனை அன்று. பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்கிறதே என்பதுதான் அவரை உறுத்தியது. அவர்கள் காலத்திற்குப் பிறகு வெளிப்படையாக உண்ணலாம் என்றுகூட அப்போது எண்ணினார். இவற்றையெல்லாம் சத்திய சோதனையில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். கருணை அவருக்குப் பிறவியிலேயே முழுமையாக வாய்த்துவிடவில்லை. படிப்படியாக அவர் அதைச் சம்பாதித்தார். சாதகர்களாகிய நமக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

1888-இல் சட்டம் பயில லண்டன் சென்றார். மது, மாது, மாமிசம் ஆகியவற்றைத் தொடுவதில்லை என்று பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில் அன்னை புத்லிபாய்க்கு வாக்களித்திருந்தார். வாக்கைக் காக்க அரைப்பட்டினி கிடந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவைப் பற்றிய நூல் ஒன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். தாய்க்குத் தந்த வாக்கு அன்றுதான் அவரது சொந்தக் கொள்கையாயிற்று. விலங்கைவிட மனிதன் உயர்ந்தவன் என்றால், அவன் அதைத் தின்ன வேண்டும் என்பது பொருளன்று, தாழ்ந்ததை உயர்ந்தது காக்க வேண்டும் என்பதே பொருள் என்ற கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

முரசொலிக்கு நடுவே

1901 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்திஜி அதில் கலந்துகொண்டபின், கோகலேயின் விருந்தினராக ஒரு மாதம் அங்குத் தங்கினார். அந்நாட்களில் சுவாமி விவேகானந்தரைத் தரிசிக்கும் ஆவலோடு பேலூர் மடத்திற்குப் பெரும்பாலும் நடந்தே சென்றார். சுவாமிஜி நோயுற்றுக் கல்கத்தாவிலுள்ள இல்லத்தில் தங்கியிருந்ததால் தரிசனம் கிட்டவில்லை.

அதே நாட்களில் அவர் காளி கோயிலுக்கும் சென்றார். வழியில் பலிக்காக ஓட்டிச் செல்லப்படும் செம்மறியாட்டு மந்தையைக் கண்டார். கோயிலில் பாய்ந்த இரத்தத்தைக் கண்டு நிலைகொள்ளாமல் திரும்பினார். அன்று மாலை வங்காள நண்பர்கள் அளித்த விருந்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தார். ஆடுகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை, அங்கு முழங்கும் முரசொலியில் வலியுணர்வு மழுங்கிவிடுகிறது என்று ஒரு நண்பர் சமாதானம் கூறினார். காந்திஜியால் இதை ஏற்க முடியவில்லை. ஆட்டுக்குப் பேச்சு மட்டும் வாய்த்திருந்தால் அது வேறு கதை சொல்லும் என்று பதிலளித்தார்.

அந்த உரையாடல் சில நொடிகளில் முடிந்திருக்கும். ஆயினும் விலங்குகளின் வலி குறித்த விவாதம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. வலியில்லை என்று சொல்பவர் வலிக்கு ஆளாகாதவர். வலிக்கு ஆளாகும் உயிருக்கோ நாவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதப்படுகிறது. முரசு ஆட்டின் வலியை ஆட்டிடமிருந்து மறைத்ததோ இல்லையோ, சுற்றி நின்றவர்களிடமிருந்து மறைத்தது உறுதி.

அந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்று காந்திஜி விரும்பினார். புத்தர்பிரானின் நினைவு வந்தது. ஆனால் அது தமது ஆற்றலுக்கு மீறிய பணி என்பதையும் உணர்ந்தார். எந்த அளவுக்கு ஓர் உயிர் நிராதரவாக உள்ளதோ, அந்த அளவுக்கு அது மனிதனின் கொடுமையிலிருந்து மனிதனாலேயே காக்கப்படும் உரிமை உடையது என்ற முடிவுக்கு வந்தார். அதற்கான தகுதியைப் பெறத் தாம் இன்னும் தூய்மை அடைய வேண்டும் என்றும் கருதினார்.

அன்னையின் பக்தர்களாகிய நாம் இங்கே மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். இதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1901 அக்டோபரில், பேலூர் மடத்தில் முதன்முறையாக துர்கா பூஜை நடைபெற்றது. பலியிடலாமா என்ற கேள்வி எழுந்தபோது, வேண்டாம் என்று அன்னை ஸ்ரீசாரதா தேவியார் கூறிவிட்டார். எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிப்பதாக விரதம் பூண்டவர்கள் துறவியர் என்பதே அதன் கருத்து. பூஜை பலியின்றி இனிதே நிறைவேறியது. கல்கத்தாவில் நிலைகொள்ளாமல் தவித்த இளம் வழக்கறிஞருக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

பாலும் சங்கல்பமும்

கொல்வதில் மட்டும் வலி இல்லை. கறப்பதிலும் அது இருக்கலாம் என்பதை அடுத்துக் கற்றார். ஜோஹன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தபோது, கல்கத்தாவிலிருந்து வந்த சில வெளியீடுகளைப் படித்தார். பசுக்களுக்கும் எருமைகளுக்கும் அவற்றை வைத்திருப்போர் இழைத்த கொடுமைகள் அவற்றில் விவரிக்கப்பட்டிருந்தன. கடைசிச் சொட்டுப் பாலையும் பெறுவதற்காகப் பசுவின் பிறப்புறுப்பினுள் காற்றை ஊதும் ஃபூகா என்ற வழக்கம் அவற்றில் கொடியது. 1912-இல் ஒருநாள் தோழர் காலன்பாக்குடன் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இருவரும் அப்போதே பாலைத் துறப்பதென்று முடிவு செய்தனர்.

ஆண்டுகள் சென்றன. 1918-இல் கேடா மாவட்டத்தில் அலைந்து திரிந்து உழைத்தபின் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு மரணத்தின் வாயில்வரை சென்றார். நண்பர்களும் மருத்துவர்களும் மன்றாடியும் பாலைத் தொடவில்லை. 1919 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் தலால், பாலின்றி உடல் தேறாது என்று கூறி, அதை மறுப்பதற்கான காரணத்தைக் கேட்டார். காந்திஜி ஃபூகாவைப் பற்றிச் சொன்னார். அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று படுக்கையருகே நின்றிருந்த கஸ்தூரிபா அம்மையார் கேட்டார். மருத்துவரும் அதைப் பற்றிக்கொண்டார். காந்திஜி இணங்கினார்.

உயிர் பிழைத்தார். ஆனால் மனம் சமாதானம் அடையவில்லை. சங்கல்பம் செய்தபோது பசுவும் எருமையுமே மனத்தில் இருந்தன என்பது உண்மை. எனினும் அதன் உட்பொருள் எல்லா விலங்கின் பாலுக்கும் பொருந்தும் என்பதை அவர் அறிவார். சத்தியாக்கிரகப் போரை நடத்த வேண்டும் என்ற ஆசை உயிர்வாழும் ஆசையாக மாறியது. சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டுவிட்டோம் என்று தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொண்டார். அந்த ஆட்டுப்பால் கோப்பை இறுதிவரை அவருடன் இருந்தது. பலர் அதை எளிமையின் சின்னமாகக் கண்டனர். அவருக்கோ அது தம் தளர்ச்சியின் நினைவூட்டலாக இருந்தது.

தொழுவத்தில் ஒரு கன்று

இவற்றையெல்லாம் விடக் கடினமான பரீட்சை 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் வந்தது. ஊனமுற்ற கன்று ஒன்று தாளாத வேதனையில் கிடந்தது. சிகிச்சை அளித்தார்கள், பணிவிடை செய்தார்கள். பயனில்லை. இனிப் பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்தார். புரண்டு படுப்பதற்குக்கூட அதனால் இயலவில்லை. சற்று அசைந்தாலும் துடித்தது.

காந்திஜி ஆசிரமவாசிகளைக் கூட்டி ஆலோசித்தார். உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு அதை எடுக்கும் உரிமை இல்லை என்று இரக்க சிந்தை மிக்க ஒருவர் வாதிட்டார். தன்னலத்திற்காக உயிரை எடுக்கும்போது அந்த வாதம் பொருந்தும், இங்கோ நமது நலன் எதுவுமில்லை என்பது காந்திஜியின் எண்ணம். பணிவோடு, ஆனால் ஐயத்திற்கு இடமில்லாமல், அவர் முடிவெடுத்தார். அவர் முன்னிலையில் மருத்துவர் ஒருவர் நச்சு ஊசி செலுத்த, இரண்டு நிமிடத்திற்குள் கன்றின் துன்பம் முடிந்தது.

நடந்ததை அவர் மறைக்கவில்லை. நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் விரிவாக எழுதினார். உடனே கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அஹிம்சையின் திருவுருவமே கோஹத்தி புரிந்துவிட்டதாகப் பலர் கொதித்தனர். அவர் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். பிற்பாடு நான்கு நிபந்தனைகளையும் வகுத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலை இருக்க வேண்டும். நோயுற்ற உயிர் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாததாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் உயிரை எடுப்பது அஹிம்சை ஆகாது.

நான்காவது நிபந்தனை கவனிக்கத்தக்கது. கல்கத்தாவில் ஆட்டின் பேச்சின்மை அதன் வலியை மறுப்பதற்குப் பயன்பட்டது. சபர்மதியிலோ கன்றின் பேச்சின்மை காந்திஜியின் பொறுப்பை இருமடங்காக்கியது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாததால், அதன் நிலையில் தம்மை வைத்து உணர வேண்டியதாயிற்று. தம் சொந்தக் குழந்தை மருந்தில்லாத வெறிநாய்க்கடி நோயில் துடித்தாலும் இதையே தம் கடமையாகக் கருதுவார் என்றும் எழுதினார்.

அதே சமயம் ஆசிரமப் பயிர்களைக் குரங்குகள் அழித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொல்வது பற்றியும் வாசகர்களிடம் ஆலோசனை கேட்டார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகப் பிரித்தார். கன்றைக் கொன்றது கன்றுக்காக. குரங்கைக் கொன்றால் அது நமக்காக. முன்னதை அஹிம்சை என்று கருதினார். பின்னது ஹிம்சையே என்றார். யாருடைய வலியைப் போக்குகிறோம் என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வதே இதற்கு அளவுகோல்.

அவர் முடிவில் நமக்கு ஐயம் எழலாம். கர்ம வினையை அனுபவித்துத் தீர்க்க விடாமல் இடையில் அறுப்பது தகுமா என்று நம் மரபில் வந்தோர் கேட்பர். வினையின் பேரால் வலியைத் தொடாமல் விட வேண்டும் என்றால், மருந்து கொடுப்பதும் தவறாகிவிடும் என்று அதற்கு விடை கூறலாம். மருந்து உயிரைக் காக்கிறது, ஊசியோ அதை முடிக்கிறது என்ற மறுப்பும் வலுவானதே. இந்த வாதம் எளிதில் தீராது. ஆனால் ஒன்று நிச்சயம். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது மட்டுமே புண்ணியம் என்று எண்ணி, துடிக்கும் உயிரைவிட்டு விலகிச் செல்வதற்கு அஹிம்சை என்ற பெயரைச் சூட்ட அவர் மறுத்தார்.

1931 நவம்பரில் லண்டன் சைவ உணவாளர் கூட்டத்தில் அவர் பேசியபோது, முதுமையெய்திய ஹென்றி சால்ட்டும் உடனிருந்தார். ஒரு ஷில்லிங் நூலால் மாறிய மாணவர் இப்போது உலகறிந்த தலைவர். உடல்நலத்திற்காக மட்டும் மேற்கொள்ளும் மரக்கறி உணவு நிலைக்காது, அதற்கு அறமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அவர் அங்கு வலியுறுத்தினார்.

அறிவியல் கேட்ட சாட்சி

காந்திஜி 1948 ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார். விலங்குகள் வலியை உணர்கின்றனவா என்ற கேள்வியில் அறிவியல் அதன்பிறகு நெடுந்தூரம் வந்துள்ளது.

பதினேழாம் நூற்றாண்டில் டேகார்ட் விலங்குகளைக் கடிகாரம் போன்ற இயந்திரங்களாக விளக்கினார். அந்தச் சிந்தனையின் நிழல் எளிதில் விலகவில்லை. விலங்குகள் இருக்கட்டும், பச்சிளங்குழந்தைகள்கூட வலியைச் சரிவர உணர்வதில்லை என்று நம்பி, போதிய மயக்கமருந்தின்றி அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வழக்கம் மேலைநாட்டு மருத்துவமனைகளில் 1980-கள் வரை இருந்தது. பேச இயலாதவரின் வலியை இல்லையென்று கொள்வது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தீங்கை உணரும் நரம்பு முனைகள், அச்செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பாதைகள், வலியைத் தணிக்க உடலே சுரக்கும் பொருள்கள் ஆகியவை நமக்கு இருப்பதுபோலவே ஆடுமாடுகளுக்கும் உள்ளன. 2003-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உண்ண மறுத்து, உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது அந்நடத்தை குறைந்தது. 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்கு ஆதாரமான நரம்பு அமைப்புகள் மனிதனுக்கு மட்டும் உரியவை அல்ல, பாலூட்டிகள், பறவைகள், எண்காலி முதலியவற்றுக்கும் உண்டு என்று அறிவித்தனர். 2016-இல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மறியாட்டின் முகத்தைக் கொண்டு வலியை அளக்கும் முறையை வெளியிட்டனர். வலி மிகும்போது ஆட்டின் கண் சுருங்குகிறது, கன்னம் இறுகுகிறது, காதின் நிலை மாறுகிறது. ஆடு பேசத்தான் செய்தது. அந்த மொழியைப் படிக்க நமக்குத்தான் தெரியவில்லை.

கல்கத்தா நண்பரின் வாதத்திலும் ஓர் இழை உண்மை உண்டு. பேரச்சத்தில் உடல் வலியைச் சிறிது நேரம் மழுங்கச் செய்வதுண்டு. போர்க்களத்தில் காயம் தெரியாமல் ஓடும் வீரர்கள் இதற்குச் சான்று. ஆனால் அச்சமே ஒரு துன்பம் அல்லவா? வலியை அச்சத்தால் மூடுவது கருணை ஆகாது.

2020-இல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் வலிக்கான தனது வரையறையைத் திருத்தியது. சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்றே என்றும், தெரிவிக்க இயலாமையைக் காரணம் காட்டி மனிதனுக்கோ விலங்குக்கோ வலியில்லை என்று கூற முடியாது என்றும் அதன் குறிப்பு விளக்குகிறது. 1902-இல் ஒரு விருந்தில் காந்திஜி கூறிய கருத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நம் நாட்டின் சட்டமும் இவ்வழியில் நடந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அது ஃபூகாவைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையிலுள்ள விலங்கின் துன்பத்தை முடிக்கவும் வழி வகுக்கிறது. டால்ஸ்டாய் பண்ணையில் செய்த சங்கல்பமும் சபர்மதித் தொழுவத்துக் கன்றும் நம் நினைவுக்கு வருகின்றன.

நமக்கான பாடம்

இன்பத்திலும் துன்பத்திலும் பிற உயிர்களைத் தன்னைப் போலவே காண்பவனை மிக உயர்ந்த யோகி என்று பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. நாம் அதைப் பாராயணம் செய்கிறோம். ஆனால் அந்த வரையறையில் மனித உயிர் என்ற கட்டுப்பாடு இல்லை என்பதை எளிதில் கடந்துவிடுகிறோம். கீதையைத் தாயாகக் கொண்ட காந்திஜி அதைக் கடந்துவிடவில்லை.

ஆன்மா எல்லா உயிர்களிலும் ஒன்றே என்பது வேதாந்தத்தின் முடிவு. அதை நாம் அனுபவத்தில் உணரும் நாள் எப்போது வருமோ! அதுவரை நமக்கு எட்டும் படி ஒன்று உண்டு. பால் கறக்கும் வீட்டிலும், வண்டி இழுக்கும் மாட்டின் முன்னும், திருவிழாவில் சங்கிலியோடு நிற்கும் யானையின் அருகிலும், நமக்குச் சாதகமான சமாதானம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அதற்கெல்லாம் ஒன்றும் தெரியாது, பழகிவிட்டது என்று அந்தச் சமாதானம் சொல்லும். அச்சமயம் ஒரு கணம் நின்று, அந்த உயிரின் கண்ணையும் முகத்தையும் பார்ப்போம். பிறகு நம்மால் இயன்ற உதவியைச் செய்வோம். அன்னை எல்லா உயிர்களுக்கும் தாய் என்பது நம் நம்பிக்கை அல்லவா? தன் வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் தாய்க்குப் பரிவு ஒரு படி கூடுதலாகவே இருக்கும்.